முனிராஜு தனியாகப் பறந்த நாலு நிமிஷம்

1. வேன் வந்த நாள்

வேன் வந்து நின்றதும் எங்கள் கிளப் மெம்பர்கள் செய்த முதல் காரியம், கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரங்களை எடுத்துக் கட்டிக்கொண்டதுதான். நானும் மேஜை மேல் இருந்த ஸ்டாப் வாட்சை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வேனிலிருந்து இறங்கியவர்கள் பதினோரு பையன்கள். திருட்டு, அடிதடி என்று போலீசில் மாட்டி, கோர்ட் உத்தரவில் ஓர் அரசு இல்லத்தில் அடைக்கப்பட்டவர்கள். பதினைந்து வயதிலிருந்து பதினேழு வரை இருக்கும்.

ஒசூர் ரோட்டை ஒட்டி, யுத்த காலத்தில் போட்டுவிட்டு மறந்துபோன ஓடுதளம் ஒன்று இருந்தது. அதில்தான் எங்கள் கிளைடர் கிளப். கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத விமானம். ஓடுதளத்தின் மறுமுனையில் விஞ்ச் இருக்கும். அது கேபிளைச் சுற்றி இழுக்க, கிளைடர் பட்டம் மாதிரி மேலே ஏறும். உயரம் வந்ததும் பைலட் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு சுற்று சுற்றி இறங்குவான். ஆஸ்டின் டவுனிலிருந்து தினமும் சைக்கிளில் போய் நான் பார்த்த வேலை டைம் கீப்பர். பைலட் யார், பாசஞ்சர் யார், ஏறிய நேரம், இறங்கிய நேரம். இவ்வளவையும் லாக் புத்தகத்தில் மையால் எழுத வேண்டும்.

பையன்களைக் கொண்டுவர வைத்தவர் எங்கள் இன்ஸ்ட்ரக்டர் ராபின்சன். விமானப்படையில் இருந்த ஆங்கிலோ இந்தியர். தமிழ் நம்மைப் போலவே பேசுவார்.

"இவனுங்களை எல்லாரும் அடிச்சாச்சு மேன். யாராச்சும் இவனுங்களை நம்பி ஒரு சாமானைக் கையில குடுத்தாங்களா? நான் கிளைடரைக் குடுக்கறேன்" என்றார்.

2. எழுதச் சொன்ன விதம்

கமிட்டிக்கு இது பிடிக்கவில்லை. பையன்கள் கிளைடரில் ஏறி வேடிக்கை பார்க்கலாம், ஆனால் அவர்களை மெம்பர் ஆக்க முடியாது என்று முடிவு செய்தார்கள். மெம்பர் இல்லாதவனை மாணவன் என்று லாக்கில் எழுத முடியாது. ஆனால் ராபின்சனோ முதல் நாளே பையன்கள் கையில் கிளைடரை ஓட்டும் ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டார்.

"என்ன போடறது சார்?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு பாசஞ்சர்னு போடு. கமிட்டியை நான் சரிக்கட்டறேன். அப்புறம் மாத்திக்கலாம்."

நான் பாசஞ்சர் என்று போட்டேன். அந்த வருஷம் முழுவதும் அப்படியேதான் போட்டேன். லாக்கில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் செயலாளர் கையெழுத்து வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

3. தப்பைச் சொன்னவனுக்கு அடுத்த லாஞ்ச்

ராபின்சனிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிளைடர் இறங்கியதும் அவர் வாயே திறக்க மாட்டார். பையன்தான் தான் செய்த தப்புகளைச் சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சொன்னவனுக்கு அடுத்த லாஞ்ச், அதாவது உடனே இன்னொரு தரம் மேலே ஏறலாம். மறைத்தவன் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் அடி வாங்கி, எதையும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கப் பழகிய பிள்ளைகள் அவர்கள். முதல் மாதம் எல்லோரும், "ஒண்ணும் பண்ணல சார்" என்றே சாதித்தார்கள்.

முதலில் வழிக்கு வந்தவன் முனிராஜு. ஆனேக்கல் பையன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவான். அம்மா அப்பா இல்லை. ஒசூர் பஸ்களில் ஜேப்படி அடிக்க அவனைப் பழக்கியது சொந்த மாமன்தான். ஒரு நாள் இறங்கி வந்து, "சார், திரும்பறப்ப ஸ்பீடைப் பாக்கல. பயந்துட்டேன், அதான் பாக்கல" என்றான். ராபின்சன் அவன் தோளைத் தட்டி மறுபடியும் ஏறச் சொன்னார். அதைப் பார்த்து மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் எங்கள் மெம்பர்களைவிட அந்தப் பையன்கள் கிளைடரைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். இல்லத்தில் சண்டை குறைந்துவிட்டது என்று வார்டன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

4. நாலு நிமிஷம்

ஒரு காலை ராபின்சன் பின் சீட்டிலிருந்து இறங்கி, காலி சீட்டின் பெல்ட்டை இறுக்கிக் கட்டினார். முன் சீட்டில் இருந்த முனிராஜுவிடம், "நீயே போ" என்று மட்டும் சொன்னார்.

போனான். சுற்றி வந்து, இறங்க வேண்டிய இடத்தில் நட்டிருந்த கொடியைக் கொஞ்சம் தாண்டி இறங்கினான். நாலு நிமிஷம். பையன்கள் கத்திக்கொண்டே ஓடிப் போய் அவனைத் தூக்கினார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பேனாவை எடுத்துக்கொண்டு ராபின்சனைப் பார்த்தேன். தனியாகப் போனவனைப் பாசஞ்சர் என்று எழுத முடியாது. அவர் என் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"என் பேரைப் போடு" என்றார்.

தரையில் நின்றவரை வானத்தில் இருந்ததாக எழுதினேன். பைலட் ராபின்சன். பாசஞ்சர் முனிராஜு.

5. செயலாளர் அறை

அடுத்த மழைக்காலத்துக்குள் ராபின்சன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். போகிற அவசரத்தில் கமிட்டியைச் சரிக்கட்ட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. பையன்கள் வருவதும் நின்றது.

முனிராஜுவுக்குப் பதினெட்டு ஆகப்போகும் சமயத்தில், வடக்கே ஒரு பயிற்சி மையம் உதவி இன்ஸ்ட்ரக்டராகப் பழக்க ஆள் எடுத்தது. தங்க இடமும் சாப்பாடும் உண்டு. தனியாகப் பறந்ததற்குக் கிளப்பின் சான்று மட்டும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் இல்லம் அவனைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்கும். சொந்தக்காரர் என்றால் அந்த மாமன்தான்.

அவன் வார்டனோடு வரப்போகும் செய்தி தெரிந்ததும், செயலாளர் ரங்கசாமி காலையிலேயே என்னைக் கூப்பிட்டார். "மெம்பர் இல்லாத பையனைத் தனியா ஏத்தினோம்னு வெளில தெரிஞ்சா கிளப்பையே மூடிடுவா. நோக்கு மூணு கொழந்தைகள் இருக்கோன்னோ? பாத்துப் பேசு" என்றார்.

பதினொரு மணிக்கு முனிராஜு வந்தான். இல்லத்துச் சட்டையை இஸ்திரி போட்டிருந்தான்.

"தனியாப் போனியா?" என்று செயலாளர் கேட்டார்.

"போனேன் சார். கேபிளைக் கொஞ்சம் லேட்டா விட்டுட்டேன். கடைசித் திருப்பத்துல ஒசரம் ஜாஸ்தியா இருந்துச்சு. அதனால கொடியைத் தாண்டித்தான் எறங்கினேன்."

பொய் சொல்லிச் சான்று வாங்க வந்தவன் தன் தப்புகளை இப்படி வரிசையாகச் சொல்வானா? செயலாளருக்கும் அது புரிந்தது. அவர் லாக்கை என் பக்கம் தள்ளினார்.

"ஏழுமலை, அன்னிக்கு ஓட்டினது யாரு?"

"லாக்ல ராபின்சன் சார் பேர்தான் இருக்கு சார்" என்றேன்.

வார்டன் என்னைப் பார்த்தார். முனிராஜு லாக்கைப் பார்த்தான். தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டு எழுத்துக் கூட்டிப் படித்தான். பாசஞ்சர் என்று எழுதியிருந்தது அவனுக்கு அதுவரை தெரியாது.

வெளியே வந்ததும் நான் அவன் கையைப் பிடித்தேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"விடுங்கண்ணா. வார்டன் கேட்டா நாங்களும் மொதல்ல இப்படித்தான் சொல்லிக்கினு இருந்தோம். எனக்குப் புரியுது" என்றான்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஒரு நாளும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாதவன்.

6. பிறகு

மாமன் கையெழுத்துப் போட்டு முனிராஜுவை அழைத்துப் போனான். இரண்டு வருஷம் கழித்து, முனிராஜு ஆனேக்கல் பஸ்ஸில் ஜேப்படி அடித்துப் பிடிபட்டு உள்ளே போய்விட்டான் என்று வார்டன் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

அதோடு முடியவில்லை. இன்னொரு இல்லத்திலிருந்து, நாங்களும் பையன்களை அனுப்பலாமா என்று கேட்டு எழுதினார்கள். செயலாளர் லாக்கைப் புரட்டிப் பார்த்துப் பதில் போட்டார்: முன்பு வந்தவர்கள் சவாரி மட்டுமே போனார்கள், யாரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கடிதத்தை டைப் அடிக்கக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள். என் லாக் புத்தகங்களில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை என்று பாராட்டிப் பேசினார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஸ்டிக் யார் கையில் இருந்ததோ, அவன் பெயரை அன்றைக்கே எழுதுங்கள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று எவ்வளவு நல்லவர் சொன்னாலும் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். ராபின்சன் நல்லவர்தான். நானும் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் பையனை அவன் மாமன் கையில் கொடுத்தோம்.