பிரதமனும் ஒரு குப்பி மருந்தும்

திருவனந்தபுரத்தில் படித்த நான்கு வருஷத்து ஓட்டல் சாப்பாடு, பட்டத்தோடு ஒரு கெட்ட வயிற்றையும் கொடுத்து என்னை ஊருக்கு அனுப்பியது. எதைத் தின்றாலும் பானை மாதிரி ஊதும், நெஞ்சு எரியும், புளித்த தண்ணீர் தொண்டை வரை வந்து எட்டிப் பார்க்கும். அம்மா சுக்கும் ஓமமும் காய்ச்சிக் கொடுத்துச் சலித்துப்போனாள். கல்யாண வீட்டில் எல்லோரும் வெல்லப் பாயசமான பிரதமனை வழித்துக்கொண்டிருக்க, நான் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். நாஞ்சில் நாட்டில் பிறந்தவனுக்கு இதைவிடத் தண்டனை வேறு உண்டா?

அப்போதுதான் வாரப் பத்திரிகையில் ஒரு வயிற்று மருந்து விளம்பரம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன். பக்கத்திலேயே அதே ஆள், இலை முன்னால், பல்லெல்லாம் தெரிய. அன்றைக்கே எழுதிப்போட்டேன். பத்தாம் நாள் தபாலில் இரண்டு குப்பிகள் வந்தன. தட்டைக் குப்பி, வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதம் பக்கத்தில் ஒட்டியிருந்தது. கறுப்பு மருந்து. பெருஞ்சீரக வாசனை.

மதியம் சாப்பிட்டு முதல் வேளையைக் குடித்தேன். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு, பூதப்பாண்டித் தேர் நிலையிலிருந்து கிளம்புகிற மாதிரி உள்ளே ஏதோ அசைந்தது. வந்தது பாருங்கள் ஓர் ஏப்பம்! அடுக்களையிலிருந்து அம்மா, "யாருலே அது?" என்று கேட்டாள்.

நாலாம் நாள் தேங்காய் வறுத்துக் கொட்டிய எரிசேரி தின்றேன். ஏழாம் நாள் சக்கைப்பழம், பத்துப் பலாச்சுளை! வயிறு வாயைத் திறக்கவில்லை. என்னால் சும்மா இருக்க முடியுமா? வாசகசாலையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், முடிவெட்டுகிறவரிடம் சொன்னேன். இரண்டாம் குப்பியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு காட்டினேன்.

அதில்தான் மாட்டிக்கொண்டேன். இராஜாக்கமங்கலத்தில் எனக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. அவர்கள் சம்மதம் மட்டும் வரவேண்டியிருந்தது. ஒருநாள் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே, ஊரு முழுக்கக் குப்பியைத் தூக்கிக் காட்டுனியே! பையனுக்குத் தீராத வயித்து நோவாம்னு பொண்ணு வீட்டுல பேச்சு. பொண்ணோட தாய்மாமன் நாளைக்கு பூதப்பாண்டிக் கல்யாணத்துக்கு வாறாராம். உன்னைப் பாக்கணுமாம்."

"நோவுதான் போச்சுல்லா!"

"போனதை யாரு பாத்தா? வந்ததை நீயேல்லா சொல்லிட்டே."

மறுநாள் பந்தியில் அந்தத் தாய்மாமன் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். காதில் கடுக்கன் போட்ட பெரிய ஆள். பெண் கிடைப்பதும் கிடைக்காததும் இந்த இலையில்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லா சாப்பிடும்வே" என்றார்.

"சாப்பிடுதேன் அண்ணாச்சி."

பருப்பும் நெய்யும், சாம்பார், புளிசேரி. கடைக்கண்ணால் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடைப்பிரதமன் வந்தது. பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் பிசைந்து வழித்தேன். "இவருக்கு இன்னும் ஒரு கரண்டி விடும்" என்றார் விளம்புகிறவரிடம். அடுத்துச் சிறுபயற்றுப் பிரதமன். அதிலும் இரண்டு கரண்டி. அப்புறம் ரசம், மோர். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை!

கை கழுவிவிட்டு, ஒரு வேளை மருந்தை மறைவில் குடிக்கலாமென்று தென்னைகளுக்குள் நழுவினேன். பின்னாலேயே வந்துவிட்டார்.

"நில்லும்வே. எங்க அந்தக் குப்பி?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நாலு கரண்டி பிரதமன். எரியுதா?"

"இல்ல."

"புளிச்சு வருதா?"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி!"

இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "பதினஞ்சு வருசமா நான் பிரதமன் வந்தா இலையைக் கைவச்சு மறைச்சிருதேன். இன்னைக்கும் அதுதான். நீரு பாக்கலியா?"

நான் எங்கே பார்த்தேன்? என் இலையே எனக்குப் பெரும்பாடு.

"உம்மைப் பாக்கதுக்கு எங்க அக்கா போதும். நான் மருந்தைப் பாக்கல்லா வந்தேன்!" மூடியைத் திறந்து ஒரு பல் அளவுக்குக் குடித்தார். கால் மணி நேரம் தென்னை நிழலில் நின்றோம். வந்தது. தென்னையிலிருந்து ஒரு காக்கை பறந்தது.

"கொள்ளாமே, நல்ல மருந்துதான்வே!" என்றார், கண் விரிய.

"அப்போ... பொண்ணு விஷயம், அண்ணாச்சி?"

"அண்ணாச்சியா? மாமான்னு கூப்பிடும்வே" என்று சொல்லிக் குப்பியைத் தன் மடியில் செருகிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே மறுபடியும் எழுதிப்போட்டேன். இந்தத் தடவை நாலு குப்பி.