ஆறட்டும் என்று வைத்த வெந்நீர்

போன செவ்வாய்க்கிழமை பதுளைக் கடைத்தெருவில் நல்ல மழை. நண்பர் ஒருவரின் காப்பிக் கடைக்குள் ஒதுங்கினேன். நம் ஊருக்கு ரயில் எப்போது வந்து சேரும் என்று அரட்டை... வேறென்ன வேலை நமக்கு?

அப்போது ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து ஒரு பெண் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். கம்பளிக்குள் குழந்தை. பேதியாம். ஆஸ்பத்திரிக்கு நடந்தே தூக்கி வந்திருக்கிறாள்.

“சாமி, கொஞ்சம் சுடுதண்ணி ஊத்துங்க. புள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சு. பச்சத்தண்ணி ஆகாதுன்னு கங்காணி சொன்னாருங்க.”

நண்பர் இரக்கமில்லாதவர் அல்ல. உடனே கொதிக்கிற நீரை மொண்டார். ஆனால் எதில் கொடுப்பது? தோட்டத்து ஜனங்களுக்கென்று வாசலில் தொங்கும் தேங்காய்ச் சிரட்டையை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். பித்தளை டம்ளர்கள் வரிசையாக இருந்தன — அவை எங்களுக்கு. சிரட்டை இல்லாவிட்டால் கையில் ஊற்றுவதுதான் வழக்கம். கொதிநீரைக் கையில் ஊற்ற முடியுமா?

“கொஞ்சம் ஆறட்டும்மா” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் டம்ளரைக் கழுவி நீட்டினேன். அவள் பதறிப்போய்ப் பின்வாங்கினாள்.

“ஐயோ, வேணாங்க சாமி! நாங்க அதத் தொடலாங்களா? ஆறுனதும் கையிலயே வாங்கிக்கிறேங்க.”

நண்பர் சிரித்தார். “பாத்தீங்களா? அவளுக்கு இருக்கிற ஒழுக்கம் உங்களுக்கு இல்லையே!”

ஒழுக்கம்! சபைகளில் இந்தச் சொல்லை எப்படியெல்லாம் முழங்குகிறோம்? சத்தியம், கருணை, ஜீவகாருண்யம் என்று அர்த்தத்துக்கா பஞ்சம்? கடைத்தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான் — யார் எதைத் தொடக்கூடாது என்பது. மற்றதெல்லாம் கைதட்டல் வாங்குவதற்கு.

ஒருவழியாக வெந்நீர் ஆறியது. நண்பர் செம்பை உயரத் தூக்கி ஊற்றினார். அவள் இரு கையும் குவித்து வாங்கி, மடியில் கிடந்த குழந்தையின் வாயில் விட்டாள். கடைவாய் வழியாக வழிந்தது. மறுபடி விட்டாள். அதுவும் வழிந்தது.

எழுந்து போய்ப் பார்த்தேன். மூச்சில்லை.

நண்பர் கண் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. முன்னாலேயே கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா? தெரியாது. தெரியாமலே போய்விட்டதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

அவள் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். அழவில்லை. நண்பரைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டாள்.

“கடை வாசல்ல வச்சு இப்புடி ஆயிருச்சுங்க... தீட்டாக்கிப்புட்டேன். மன்னிச்சுக்குங்க சாமி.”

அன்று மன்னிப்புக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.