பூவேலைத் துணிக்கு அடியில் ஒரு கணினி

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஒஸ்லோவில் ஒரு சிறு நிறுவனத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்கும் வீட்டுக் கணினி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதற்குள் விசிறி கிடையாது. சத்தமே போடாத கணினி! நினைக்கும்போதே எனக்குத் தலைகால் புரியாது. சூட்டை வெளியேற்றுவது என் பொறுப்பு. மூடி முழுக்கத் துளைகள் போட்டேன்.

மேலாளருக்கு நம்பிக்கையில்லை. "ஒரு சாதாரண வீட்டில் ஒரு வாரம் நிற்காமல் ஓடட்டும். நின்றால் விசிறி போடுவோம்," என்றார். விசிறி போட்டால் அது கடையில் கிடக்கும் இன்னொரு பெட்டி, அவ்வளவுதான். என் வீட்டைவிடச் சாதாரண வீடு ஏது என்று மாதிரிக் கணினியைத் தூக்கிக்கொண்டு, நகரின் ஓரத்தில் நாங்கள் குடியிருந்த புருசெத்துக்கு ரயிலேறினேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் கணினி சூடேறி அணைந்து கிடந்தது. அதன்மேல் மனைவி தைத்த பூவேலைத் துணி, மூலை பிசகாமல் விரித்திருந்தது. துணிக்கு மேல் பூச்சாடி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உம்மை ஆர் இதை மூடச் சொன்னது?"

"தூசி படும் எண்டு போட்டனான். டிவிக்கும் போட்டிருக்கு, போனுக்கும் போட்டிருக்கு. அதுகள் ஒண்டும் நிக்கேல்லையே?"

"இது மூடக்கூடாத சாமான்."

"அப்ப எங்கடை ஆக்களுக்கு இதை விக்காதேங்கோ. ஆர் மூடாமல் விடுவினம்?"

கோபத்தோடு சாப்பிட உட்கார்ந்தேன். எதிரே வானொலிக்கும் துணி. ரிமோட்டுக்கோ பிளாஸ்டிக் உறை. எங்கள் தமிழ் வீடுகளில் போர்த்தாத பொருள் வீட்டுக்கு வந்துசேராத பொருள்தான். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். மூடியில் துளையே வேண்டாமே!

மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார், இன்னொரு வாரம் தந்தார். மேல்மூடியை முழுதாக அடைத்தேன். கால்களை உயர்த்தி, காற்று அடியால் நுழைந்து பின்பக்கத்தால் போகும்படி செய்தேன். திரும்ப வீட்டில் வைத்து, துணியை நானே விரித்தேன். பூச்சாடியை மனைவி வைத்தாள். வேலையிலிருந்து ஓடோடி வந்து தொட்டுப் பார்ப்பேன். ஓடிக்கொண்டிருக்கும். குதிக்கலாம் போலிருக்கும்.

வாரம் முடிய மேலாளரே வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் துணிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக் காதை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. அவர் முகம் விழுந்தது.

"நின்றுவிட்டது, பாவம்," என்றார்.

மனைவி துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.