அந்தச் சந்து வழியாக யாரும் போவதில்லை

போன வருஷம் ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்த வாரமே மழையும் பிடித்துக்கொண்டது. கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம் ஒரு சுக்குக் கிடங்கில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நல்லது, சொத்தை என்று சுக்கைப் பிரித்துப் போடுகிற வேலை. எனக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டப் போகிறார். ஒரே மகள், அப்போது ஒன்பதாம் வகுப்பு. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், மலையாளம் என்றால் தண்ணீர் பட்ட பாடு.

கிடங்குக்குப் போக இரண்டு வழி. ஒன்று கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போவது. இன்னொன்று இரண்டு பழைய கிடங்குச் சுவர்களுக்கு நடுவே போகிற சந்து. என்னோடு வேலை பார்க்கிற பெண்கள் காலையில் முக்குச் சாயாக்கடையில் கூடி, ஆளுக்கொரு சாயா குடித்துவிட்டு, கூட்டமாகத் தெருவழியாகத்தான் வருவார்கள். நான் மட்டும் சந்து வழி. விடிந்ததும் விடியாததுமாக இவர்களுக்கு என்ன ஊர்க்கதை, வீட்டில் சாயா கிடைக்காதா என்று மனசுக்குள் பழிப்பேன். எனக்குக் கொஞ்சம் திமிர் ஜாஸ்தி.

அன்றைக்குத் தூறல். சந்தின் நடுவில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் மழைக்கோட்டுப் போட்ட ஒரு ஆள். வழி கேட்கப் போகிறான் என்று நினைத்துக் குடையை லேசாகத் தூக்கினேன். அவன் கோட்டை விலக்கினான். உள்ளே ஒன்றும் உடுத்தியிருக்கவில்லை. அதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது.

மீன்காரரிடம் மல்லுக்கு நிற்கிற வாய் என்னுடையது. ரேஷன் கடை வரிசையில் நடுவே புகுகிறவனை விரட்டுகிற வாய். அன்றைக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்து, என்னமோ நான்தான் தப்பு செய்தவள் மாதிரி ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். பின்னாலிருந்து அவன் சிரித்தது கேட்டது.

முறத்தில் கை ஓடவில்லை. நல்ல சுக்கைச் சொத்தைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்காருகிற மலையாளச் சேச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஆ வழியாணோ வந்நது?" என்று கேட்டார். அந்த வழியாகவா வந்தாய் என்று. நான் தலையை ஆட்டினேன். "அய்யோ மோளே, ஆ வழி ஞங்கள் ஆரும் போகாறில்ல" என்றார், குரலைத் தாழ்த்தி. யாரும் அந்த வழியே போவதில்லையாம். அப்போதுதான் உறைத்தது. சாயாக்கடைக் கூட்டம் சாயாவுக்கு இல்லை. ஒருத்தருக்கொருத்தர் துணைக்குக் காத்து நிற்கிற கூட்டம் அது. என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். இதை எப்படி வாயால் சொல்வது என்றார். சரிதான், நானும்தான் யாரிடமும் சொல்லவில்லையே.

போலீசுக்குப் போகலாமா, வேண்டாமா? அன்றிலிருந்து இதே யோசனை. போனால் நாலு பேருக்குத் தெரியும். வீட்டுக்காரர் காதுக்குப் போனால், "நீ வேலைக்குப் போய்க் கிழிச்சது போதும், வீட்ல இரு" என்பார். அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வரும். அந்த ஆள் உள்ளூர்க்காரனாகத்தான் இருக்கும், நான் வெளியூர்க்காரி. நான் எத்தனை மணிக்கு எந்த வழியாகப் போவேன் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். போகாமல் விட்டாலோ, அந்தச் சந்தின் மறுமுனையில்தான் என் மகள் டியூஷனுக்குப் போகிற வீடு இருக்கிறது.

அவளைக் கூப்பிட்டு, இனிமேல் சந்து வழியாகப் போகாதே என்றேன். ஏன் என்றாள். நாய் கிடக்கிறது, கடிக்கிற நாய் என்று சொல்லிவைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்று போய்விட்டாள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுகிற பிள்ளை இவ்வளவு லேசில் சரி என்றதே, அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

ராத்திரி தூக்கமில்லை. குழம்பு அடிப்பிடித்தது. தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். சாயாக்கடைக் கூட்டத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். எல்லாரும் அரிசி விலை, சீரியல், மருமகள் என்று எல்லாம் பேசுவோம். சந்து வாயிலைத் தாண்டும்போது மட்டும் பேச்சு தானாக நின்றுவிடும். கொஞ்ச தூரம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன். கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், "சேச்சி, ஒந்நு மாறிக்கே" என்றது. கொஞ்சம் நகருங்கள் என்று மரியாதையாகத்தான். திரும்பினால் அவன். தோளில் ஒரு சின்னக் குழந்தை. இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் வெட்டுத் தழும்பு. அதே மூஞ்சி. என்னை நேராகப் பார்த்தான். அவனுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை!

நான் சோறு இறங்காமல் அல்லாடிக்கொண்டிருக்கிறேன். இவனுக்கு என் முகம்கூட நினைவில் இல்லை. எத்தனை பேரிடம் இப்படிச் செய்திருந்தால் ஒரு முகம் மறந்துபோகும்? பாவி! இந்தத் தடவை எனக்குப் பயம் வரவில்லை. மத்தி பொதிந்த பையோடு அவன் பின்னாலேயே போய், ஸ்கூட்டர் நம்பரைப் பார்த்து, வீடு வரும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அப்போதுதான் அடுத்த சிக்கல். நான் மலையாளம் பேசுவேன், ஆனால் சந்தையிலும் கிடங்கிலும் பொறுக்கிய மலையாளம். விலை கேட்பேன், எடை சொல்வேன், திட்டச் சொன்னால் நன்றாகவே திட்டுவேன். இந்த விஷயத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்ததெல்லாம் கொச்சை வார்த்தை. அதை ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? சேச்சியைத் துணைக்கு அழைத்தேன். நமக்கெதற்குப் போலீசும் கேசும் என்று கழன்றுகொண்டார்.

வேறு வழியில்லாமல் அன்று சாயங்காலம் மகளிடமே சுற்றிவளைத்துக் கேட்டேன். அவள் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கிடங்கில் ஒருத்திக்கு இப்படி ஆகிவிட்டது, ஒருவன் உடுப்பை விலக்கிக் காட்டினானாம், போலீசில் சொல்ல அதற்கு மலையாளத்தில் மரியாதையான வார்த்தை என்ன என்று அவள் கேட்டாள் என்றேன். மகள் திரும்பவில்லை. இஸ்திரிப் பெட்டியும் நிற்கவில்லை.

"நக்னதா பிரதர்சனம்" என்றாள்.

ஒரு நொடி யோசிக்கவில்லை. பாடம் ஒப்பிப்பது போல வந்தது. உனக்கு எப்படி இந்த வார்த்தை தெரியும் என்றேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கழிஞ்ச வருஷமே தேடி வச்சேம்மா. டீச்சர்கிட்ட சொல்லலாம்னு. அப்புறம் சொல்லல. சொன்னா நீங்க டியூஷன நிறுத்திருவீங்க. வீட்லயே இருத்திருவீங்க. நான் சுத்துவழியாத்தான் போறேன். நாய்னு நீங்க சொன்ன அன்னிக்கே எனக்கு மனசிலாச்சு."

எனக்கு உயிரே போய்விட்டது. அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை. சட்டை கருகுதும்மா என்றாள். பெட்டியை அவள் நிமிர்த்திதான் வைத்திருந்தாள், ஒன்றும் கருகவில்லை. என்னை நிறுத்தத்தான் அப்படிச் சொன்னாள்.

வீட்டுக்காரரிடம் அன்றே சொன்னேன். எதிர்பார்த்தபடியே குதித்தார். வேலையும் வேண்டாம், டியூஷனும் வேண்டாம் என்றார். "தப்பு பண்ணவன் ஸ்கூட்டர்ல ஊர் சுத்துறான், நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள கெடக்கணுமா?" என்று கேட்டேன். எழுந்து வாசலில் போய் உட்கார்ந்தார். மறுநாள் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார்.

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ், என் மகளைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். அவர் ஏற இறங்கப் பார்த்தபோது எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. மகள் வாயைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தி நானே சொன்னேன், அவள் கொடுத்த அந்த வார்த்தையை வைத்து. தமிழ் வாடை அடிக்கிற மலையாளம்தான். யாரும் சிரிக்கவில்லை. நெற்றித் தழும்பையும் ஸ்கூட்டர் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிள்ளை சின்னவள் என்பதால் அவளை அங்கே ஒன்றும் கேட்கவில்லை. பிறகொரு நாள் அந்தப் பெண் போலீஸ் சீருடை போடாமல் சாதாரணச் சுடிதாரில் எங்கள் வீட்டுக்கே வந்து, அவளோடு உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த காலை சாயாக்கடையில், கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நான் புகார் கொடுத்துவிட்டேன் என்றேன். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒருத்தி, எனக்கும் என்றாள். இன்னொருத்தி, என் தங்கைக்கும் என்றாள். சேச்சி மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். சாயங்காலம் வேலை முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, "ஸ்டேஷன்ல எனிக்கும் பறயணும், கூட வருமோ?" என்றார். எனக்கும் சொல்ல வேண்டும், கூட வருவாயா என்று.

அவனைப் பிடித்தார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. இழுத்துக்கொண்டே போகிறது, எப்போது முடியுமோ தெரியாது. அவனுடைய ஆட்கள் சமாதானமாகப் போகலாம் என்று ஒருமுறை வீட்டு வாசலுக்கே வந்தார்கள். வீட்டுக்காரர் உள்ளே விடவில்லை. நிம்மதியாகிவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மழைக்கோட்டைப் பார்த்தால் இன்றும் நெஞ்சு திக்கென்கிறது. ஆனால் நாங்கள் எல்லாரும் இப்போது சந்து வழியாகத்தான் போகிறோம், பேச்சை நிறுத்தாமல்.

அவன் அன்று காட்டியதைக்கூட என்றாவது மறந்துவிடுவேன் போலிருக்கிறது. நான் நாய் என்று சொல்லி மூடி மறைத்த விஷயத்துக்குச் சரியான வார்த்தையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, என் பிள்ளை ஒரு வருஷம் முழுக்க, அம்மாவிடம் சொன்னால் கதவைச் சாத்திவிடுவாள் என்று பயந்து வாய் திறக்காமல் இருந்தாளே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.