குருவிக்கு அடித்த மிருதங்கப் பாடம்

"அலுக்குதம்மா" என்று மகள் மிருதங்கத்தைத் தள்ளி வைத்தாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வயலில் யாரோ குருவி கலைக்கத் தகரம் தட்டினார்கள். என் விரல்கள் தாமாகவே மடியில் தாளம் போட்டன.

சின்ன வயதில், எங்கள் ஊர் வட்டக்கச்சியில் நெல் பால்பிடிக்கும் காலத்தில் எனக்கும் அதே வேலைதான். வெறுமனே தட்ட அலுத்துப்போய், மிருதங்க வகுப்பில் படித்த பாடத்தையே எண்ணெய்த் தகரத்தில் அடிப்பேன். கை ஓய்ந்தால் குருவிக்கூட்டம் கதிரில் இறங்கிவிடும்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினனி? இறங்குது பார்!" என்று வரம்பிலிருந்து அம்மா கத்துவார். மறுபடி அடித்ததும் கூட்டம் முழுவதும் படபடவென்று சிறகடித்து எழும்பிப் பறக்கும். அப்படியொரு கைதட்டல் எனக்குப் பிறகு எந்த மேடையிலும் கிடைக்கவில்லை.

இதை மகளிடம் சொன்னேன்.

"வீட்டுக்குள்ள எங்கையம்மா குருவி?" என்றாள்.

"நிப்பாட்டிப் பார், படிச்ச பாடத்தில வந்து இறங்கும்" என்று மிருதங்கத்தை அவள் பக்கமே திருப்பி வைத்தேன்.