போனக்காட்டில் ஓர் அயர்லாந்துக் காலண்டர்

திருவனந்தபுரத்திலிருந்து அயர்லாந்துக்குப் போக மூன்று ரூபாய் இருபது பைசா ஆகும். திரும்பி வர இன்னொரு மூன்று ரூபாய் இருபது பைசா. 1974 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்படிப் போய் வந்தேன். பாஸ்போர்ட் கேட்கவில்லை. கண்டக்டர் சில்லறை மட்டும் கேட்டார்.

காலை 5 மணி. வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் தெருவில் கோலம் போட ஆரம்பிக்கும் நேரம். என் மனைவி வாசல்வரை வந்தாள். வழியனுப்ப என்று நினைத்துவிட வேண்டாம்.

"இன்னிக்கு ஏகாதசி. பால் பழத்தோட நிறுத்திக்கோங்கோ. மலைக்குப் போனா பசிக்கும், அதுக்காக கண்டதையும் வாயில போட்டுண்டு வராதீங்கோ."

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு மிஞ்சியிருந்த துறவு அந்த ஏகாதசி ஒன்றுதான். அதுவும் என்னுடையதில்லை, அவளுடையது. நான் கடைப்பிடிக்கும் ஆள் மட்டும். "சரி" என்றேன். தம்பானூர் பஸ் நிலையத்துக்கு நடை இருபது நிமிஷம்.

அங்கே சிஸ்டர் நோரா குடையும் துணிப்பையுமாக எனக்கு முன்பே வந்து நின்றார். அயர்லாந்துக்காரர். முப்பத்தோரு வருஷமாக நகரத்துக் கன்னியர் பள்ளி ஒன்றில் சரித்திரம் கற்பித்தவர். மலையாளத்தை அயர்லாந்து மழையில் நனைத்தெடுத்தது மாதிரிப் பேசுவார். தமிழ் பேசமாட்டார், ஆனால் புரியும். எவ்வளவு புரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். அயர்லாந்து பற்றி எங்களிடம் இருந்த மூன்று புத்தகங்களையும் மாறி மாறி எடுத்துப் போகும் ஒரே ஆள் அவர் என்பதால் பழக்கம்.

அடுத்த மாதம் அவர் ஊருக்குத் திரும்புகிறார், ஒரேயடியாக. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இளம் பெண்களுக்கு மலையாளம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது அவர் வழக்கம். "உங்க ஊரு எப்படி இருக்கும்?" என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். போவதற்குள் காட்டிவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். தோட்டத்தில் பெரியவர்களுக்குத் தமிழ்தான் ஓடும் என்பதால் மொழிபெயர்க்க ஆள் தேவை. என் தெருவில் மருந்துப் பாட்டில் காகிதத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ் வரை மொழிபெயர்ப்பவன் நான்தான். அந்தப் புகழ் கன்னியர் மடம்வரை பரவியிருந்ததில் எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பையில் இருந்தது ஒரு காலண்டர். மூன்று வருஷப் பழசு. அவருடைய தம்பி அனுப்பியது. மாதத்துக்கு ஒரு படமாக அயர்லாந்தின் பழைய துறவி மடங்கள் பன்னிரண்டு.

காலை 6.30, நெடுமங்காடு, பதினெட்டு கிலோமீட்டர். பஸ் பத்து நிமிஷம் நின்றது. சிஸ்டர் டீயும் பருப்புவடையும் வாங்கினார். நான் வடை வேண்டாம் என்றேன். என் வடையையும் அவரே சாப்பிட்டார்.

பஸ் கிளம்பியதும், "செல்லத்தாய் உங்களுக்காகப் புதுப் பானை வாங்கியிருக்கிறாள்" என்றார்.

செல்லத்தாய் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவர். சிஸ்டர் அங்கே போனால் சாப்பாடு அவர் வீட்டில்தான். பத்து வருஷத்துக்கு முன் ஊரிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதருக்குச் சமைத்து வைத்தாராம். அவர் வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டார். அடுத்து வந்தவருக்கு அன்று விரதம். அதோடு செல்லத்தாய் வெளி ஆட்களுக்குச் சமைப்பதை நிறுத்திவிட்டார். இப்போது சிஸ்டர் விடைபெறும் நாள், கூட வருகிறவர் வலியசாலைக்காரர் என்று கேட்டு, அவரே நெடுமங்காடு போய்ப் பானை வாங்கி வந்திருக்கிறார்.

நான் ஜன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்தேன். ஏகாதசி என்பது உண்மை. ஆனால் அந்தப் படியில் நின்று சொன்னால் அது மூன்றாவது வயிற்றுவலியாகத்தான் கேட்கும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் கைநனைத்ததில்லை. ஏகாதசியின் உதவி இல்லாமலே அதைச் சாதித்திருந்தேன்.

விதுரையைத் தாண்டியதும் பொன்முடிக்குப் போகும் சாலை பிரிகிறது. எல்லோரும் போகிற சாலை அது. நாங்கள் மற்றதில் திரும்பினோம். காடு இரண்டு பக்கமும் நெருங்கியது. வளைவுகளில் பஸ் தன் வாலைத் தானே பார்த்துக்கொண்டு ஏறியது. காலை 9.15க்குத் தேயிலைத் தொழிற்சாலை முன்னால் இறக்கிவிட்டுக் கண்டக்டர், "ரெண்டு மணிக்கு இதே வண்டி, சாரே. விட்டா நாளைக்கு நேரம் வெளுத்துட்டுத்தான்" என்றார். அறிவுரையாகச் சொன்னார். எனக்கு அது ஒரு யோசனையாகக் கேட்டது. சொற்பொழிவு இரண்டு மணிவரை நீண்டுவிட்டால் சாப்பிட நேரம் இருக்காது.

லயம் என்பது தோட்டத் தொழிலாளர் வீடுகளின் நீண்ட வரிசை. ஒரு கூரை, பன்னிரண்டு கதவு. அதன் கோடியில் உள்ள கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் காலண்டரை ஆணியில் மாட்டினார். முன்வரிசையில் ஒருவர் எழுந்து வந்து உற்றுப் பார்த்தார்.

"சிஸ்டரம்மா, இதுல ராகுகாலம் போடலியே."

"அவங்க ஊர்ல ராகு கிடையாதுவே, உக்காரும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜனவரி. கடலுக்கு நடுவே கூராக எழுந்த பாறை. ஸ்கெலிக் மைக்கேல். கரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். அறுநூறு கல்படி ஏறினால் உச்சியில் தேன்கூடு மாதிரி ஆறு கல் குடில்கள். ஆயிரத்து சொச்சம் வருஷத்துக்கு முன் துறவிகள் கட்டியவை. சுண்ணாம்பு இல்லை, மண் இல்லை, கல்லின் மேல் கல். சிஸ்டரின் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தப் பாறை தெரியுமாம். மீன்பிடிக்கிற அவருடைய அப்பா, கடல் அமைதியாக இருக்கும் நாளில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அப்படி ஒரு நாள் வரவேயில்லை.

"கல்லின் மேல் கல்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பேச்சிமுத்து எழுந்துவிட்டார். செல்லத்தாயின் கணவர். தேயிலைச் சரிவில் மண் சரியாமல் கல்லடுக்குச் சுவர் கட்டுகிறவர். படத்தின்மேல் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார்.

"ஒவ்வொரு வரியையும் விரக்கடை விரக்கடையா உள்ள தள்ளிக்கிட்டே போயிருக்கான். மேல போவப் போவ வாய் சுருங்கிரும். கல்ல வெளிப்பக்கமாச் சரிச்சு வச்சிருக்கான், பாத்தியளா? மழத்தண்ணி உள்ள எறங்காது. இவன் படிச்சு வரல. கைவேலக்காரன்."

நான் மொழிபெயர்த்தேன். சிஸ்டர் காலண்டரைத் திருப்பிப் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தை வாசித்தார். நிபுணர்கள் அங்கே சொல்லியிருந்ததும் அதேதான், அழகு கொஞ்சம் குறைவு. பேச்சிமுத்துவிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "பின்னே" என்றுவிட்டு உட்கார்ந்தார். எங்கள் நூலகத்தின் மூன்று புத்தகங்களும் எனக்கு அந்தப் "பின்னே"யைத் தந்ததில்லை.

மார்ச்சில் கிளென்டலாக். இரண்டு ஏரிகளின் பள்ளத்தாக்கு. அங்கே ஒரு வட்டக் கோபுரம், அதன் வாசல் தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில்.

"யானைக்காவ அப்படி வச்சிருக்காவளா?" என்று ஒரு பெண் கேட்டார்.

யானை இல்லை, கப்பலில் வந்த கொள்ளைக்காரர்கள், அவர்களைக் கண்டதும் துறவிகள் மணியடித்துவிட்டு உள்ளே ஏறி ஏணியை இழுத்துக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு என்றேன்.

"யானைன்னா வாழையோட போயிரும்" என்றார் அவர், அயர்லாந்துக்காக வருந்தி.

ஜூனில் ஷானன் ஆற்றங்கரையில் குளோன்மக்னாய்ஸ். அங்கே நாள் முழுக்கக் குனிந்து நூல்களைப் பிரதி எடுத்தார்கள். ஓரத்தில், கை விறைக்கிறது, மை சரியில்லை என்று புலம்பியும் வைத்தார்கள். நூலகத்தில் இருபது வருஷம் பட்டியல் எழுதியவனுக்கு அவர்கள் சொந்தக்காரர்களாகத் தெரிந்தார்கள். கன்றுக்குட்டித் தோலைப் பதப்படுத்தி எழுதினார்கள் என்று சிஸ்டர் சொன்னார். வேத நூல், கன்றுக்குட்டி, அன்று ஏகாதசி. "தோலில் எழுதினார்கள்" என்று சுருக்கினேன்.

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில், "கன்றுக்குட்டி எங்கே போயிற்று?" என்றார்.

கன்றுக்குட்டியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தேன்.

"அந்தப் பாறையில கூலி உண்டா?" என்று பேச்சிமுத்து கேட்டார். இல்லை என்றதும், "பொறவு எதுக்குப் போய் ஏறினாவ?" என்றார்.

சொந்த ஊரை விட்டு, திரும்பி வராமல் போவதே அவர்களுக்குத் தவம் என்றார் சிஸ்டர். சிலர் தோல் படகில் ஏறி, கடல் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடத்தில் இறங்கினார்கள். அப்படிப் போய் ஐரோப்பா முழுக்க மடங்கள் கட்டினார்கள், பள்ளி நடத்தினார்கள். இதைச் சொல்லும்போது அவர் நேராக நிமிர்ந்து நின்றார். அறுபத்தெட்டு வயது தெரியவில்லை.

"நாங்களும் அம்பாசமுத்திரத்த விட்டு வந்து முப்பது வருஷமாச்சு. மலைய வெட்டித் தோட்டமும் ஆக்கியாச்சு. ஒருத்தனும் எங்களச் சாமியார்னு சொல்லலியே" என்றார் பேச்சிமுத்து.

கூடம் சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "நான் சொல்கிறேன்" என்றார் தமிழில். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் பேசி நான் கேட்ட முதல் தமிழ் அது.

மணி 12.30. நவம்பர். இடிந்த மடம் ஒன்றின் கல் வாசல். செல்லத்தாய் கையில் அகப்பையோடு கூடத்து வாசலில் வந்து நின்றார். சமையல் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

சிஸ்டர் என்னைப் பார்க்காமல், படத்தைப் பார்த்துச் சொன்னார்: "துறவிகள் வாரத்தில் இரண்டு நாள் உண்ணாவிரதம் இருப்பார்கள். ஆனால் அன்றைக்கு ஒரு விருந்தாளி இந்த வாசலுக்குள் வந்துவிட்டால், மடத்தின் தலைவர் விரதத்தை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். விட்டுப்போன விரதத்தை மறுநாள் இருந்துகொள்ளலாம்."

விழுங்கிவிடலாமா என்று யோசித்தேன். கன்றுக்குட்டியின் ஞாபகம் வந்தது. முழுக்க மொழிபெயர்த்தேன்.

செல்லத்தாய் கேட்டார்: "வீட்டுக்காரவியளுக்கு விரதம்னா சரி. வந்தவியளுக்கு விரதம்னா?"

சிஸ்டர் காலண்டரின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "அது எங்கேயும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை."

இதையும் மொழிபெயர்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. "இன்றைக்கு ஏகாதசி. எனக்கு விரதம்" என்றேன்.

நாற்பது பேரும் செல்லத்தாயைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. எதிர்பார்த்தது வந்து சேர்ந்த முகம்.

"அது இருக்கும்லா" என்றார். பிறகு, "எங்க மாமியாரும் ஏகாதசி இருப்பாவ. அரிசிதான ஆவாது? மரச்சீனிக் கிழங்கு அவிச்சுத் தாரேன். பாலும் இருக்கு. வெறும் வயித்தோட மலை எறங்கக்கூடாது" என்றார்.

தப்பிக்க ஓர் அருமையான கதவைத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டும் நின்றார். என் மனைவியின் கட்டளைக்கும் பழுதில்லை. நுழைந்திருக்கலாம்.

"சோறே போடுங்கம்மா. விரதத்தை நாளைக்கு இருந்துகொள்கிறேன்" என்றேன்.

"எனக்காவ ஒண்ணும் சாப்பிட வேண்டாம், சாரே. பசிச்சாச் சாப்பிடுங்க."

முந்தின நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவன், அறுபது கிலோமீட்டர் குலுங்கி வந்தவன், ஒரு துறவி மடத்துச் சரித்திரம் முழுவதையும் மொழிபெயர்த்தவன். "பசிக்கிறது" என்றேன். அன்று நான் சொன்னதில் மொழிபெயர்க்கத் தேவையில்லாத வார்த்தை அதுதான்.

வீட்டுக்குள் தரையில் வாழையிலை. புதுப் பானையின் கழுத்தில் கடைக்காரன் போட்ட சுண்ணாம்புக் குறி இன்னும் அழியவில்லை. சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்பு, பருப்புத் துவையல், முருங்கைக்கீரை. முதல் உருண்டையில் கை கொஞ்சம் தயங்கியது என்பதை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய். இரண்டாவதில் தயங்கவில்லை. மூன்றாம் முறை சோறு கேட்டபோது பேச்சிமுத்து மனைவியிடம், "ஏட்டி, நாளைக்கு விரதத்துக்கும் சேத்து இன்னைக்கே சாப்பிடுதாரு" என்றார். செல்லத்தாய் அவரை முறைத்துவிட்டு எனக்கு மேலும் ஓர் அகப்பை போட்டார்.

புறப்படும்போது காலண்டரைச் செல்லத்தாயிடம் கொடுத்தார் சிஸ்டர். அவர் ஜனவரியை மட்டும் கிழித்துக் கணவரிடம் தந்துவிட்டு, மீதியைப் பக்கத்து வீடுகளுக்குப் பகிர்ந்தார். பன்னிரண்டு கதவு, பன்னிரண்டு மாதம். அயர்லாந்தின் மடங்கள் அத்தனையும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. அங்கேகூட அப்படி இல்லை.

மதியம் 2 மணி பஸ். விதுரை வந்ததும் சிஸ்டர் காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அதை உங்களுக்காகச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். நவம்பர் பக்கத்தில் அந்தப் படம்தான் இருந்தது" என்றார்.

அந்தப் படத்தில் ஒரு கல் வாசலைத் தவிர ஒன்றும் இல்லை என்பது எனக்கு நினைவிருந்தது. ஆனாலும் துறவிகளோடு வாதாடக்கூடாது. தம்பானூரில் இறங்கியபோது கை குவித்து, "நல்ல மொழிபெயர்ப்பு. கன்றுக்குட்டி உட்பட" என்றார். இருபது வருஷ உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த சான்றிதழ் அது ஒன்றுதான். சட்டம் போட்டு மாட்ட முடியாதது மட்டுமே குறை.

வீட்டில் எதையும் மறைக்கவில்லை. மனைவி முழுக்கக் கேட்டாள். புதுப் பானை வந்த இடத்தில் மட்டும், "என்ன விலை இருக்கும், பாவம்" என்றாள். கடைசியில், "நாளைக்கு இருக்கேன்னு அந்தப் பொம்மனாட்டிகிட்ட சொன்னேளோல்லியோ?" என்று கேட்டாள்.

"சொன்னேன்."

"அப்போ இருங்கோ. பாலும் கிடையாது."

மறுநாள் துவாதசி. தெரு முழுக்க விரதம் முடித்து அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாக மணந்தது. நான் வெறும் வயிற்றோடு நூலகத்துக்குக் கிளம்பினேன். எதிர்வீட்டு சாம்பு ஏப்பம் விட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தான்.

"என்னடா முகம் வாடியிருக்கு? சாப்பிடலையா?"

"விரதம்."

"துவாதசியன்னிக்கு என்னடா விரதம்?"

"அயர்லாந்து ஏகாதசி" என்று சொல்லிவிட்டு, தெருவின் நடுவே கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.