செமின் கிரனியே போகும் வழியில் வாங்கிய ஆமை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடல் கடந்த ஒரு தீவில், கியூர்பிப் என்ற மேட்டு நிலத்து ஊரில், ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் விடுமுறை, ஊரில் நடக்கும் தங்கை கல்யாணத்துக்கு விமானம் ஏற இரண்டு நாள் இருந்தது. அதற்குள் தெற்குக் கடற்கரையைப் பார்த்துவிடலாம் என்றார் என் கணவர் ராகவன். கியூர்பிப் மழையில் நனைந்தே எங்களுக்கு அலுத்துப்போயிருந்தது.

காலை எட்டு மணிக்கு டாக்ஸி. நாள் முழுக்க அறுநூறு ரூபாய். ஓட்டுநர் முத்துசாமி தெற்குக் கரையோரம் உள்ள செமின் கிரனியே ஊர்க்காரர்; வீட்டில் பேசுவது கிரியோல், தமிழ் கொஞ்சம்தான். அவர் ஊர் வரை சுமார் முப்பது கிலோமீட்டர், கரும்புக்கு நடுவே ஒரு மணி நேரம். இறங்க இறங்க வெயில் வந்தது. ஸ்வெட்டரைக் கழற்றிப் பின் இருக்கையில் எறிந்தேன்.

வழியில் ஒரு கடற்கரையில் மிளகாய் உப்பு தடவிய அன்னாசியை ரசித்துத் தின்றுகொண்டிருந்தேன். எங்கோ போயிருந்த ராகவன் கையில் ஆமையோடு வந்தார். உள்ளங்கை அளவு, ஓட்டில் மஞ்சள் நட்சத்திரங்கள், கால்களைச் சேர்த்து டேப் ஒட்டியிருந்தது. ஒருவன் கூடையில் வைத்து விற்றானாம், பாவமாக இருந்ததாம். கைப்பையில் ஊருக்குக் கொண்டுபோகப் போகிறாராம்.

முத்துசாமியின் முகம் மாறியது. “அண்ணே, அது மடகாஸ்கர் தோர்தி. பா கபாவ். முடியாது. ஏர்போர்ட்ல பிடிக்கும்.”

“இத்தனூண்டு ஆமைக்கா?”

“சின்னது, பெரிசு, லால்வா ஒண்ணுதான். சட்டம், அண்ணே.”

பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவிட்டால் கல்யாணம் அவ்வளவுதான். ஆனாலும், “நாமே போய்ச் சொல்லிடலாம்” என்றேன்.

வனத்துறை அலுவலகம் பதினைந்து நிமிட தூரம். அதிகாரி ஒரு பெண்மணி. ராகவன் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி கத்தரியால் டேப்பை வெட்டி, ஒரு செம்பருத்திப் பூவை நீட்டினார். ஆமை மென்றது. முத்துசாமி வழிகாட்ட, காவலர்கள் கடற்கரைக்குப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் அந்த ஆளும் கூடையும் வந்தாயிற்று. உள்ளே இன்னும் நான்கு ஆமைகள். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டைக் கேட்கவே இல்லை.

அன்று மதியம் முத்துசாமி வீட்டில் பராத்தாவும் மொச்சைக் குழம்பும். அத்தனை பசியோடு நான் சாப்பிட்டதே இல்லை.

போகிறவர்களுக்கு: ஆமை, பவளம், சங்கு எதுவானாலும் கேட்காமல் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் ஒளிக்காமல் போய்ச் சொல்லுங்கள். புயல் மழைக்குப் பிறகு தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

கல்யாண வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் ராகவன் இந்தக் கதையைச் சொன்னார். சம்பந்தி வீட்டாரிடம் சொல்லும்போது ஆமை நாற்காலி அளவுக்கு வளர்ந்திருந்தது.